ஐந்து சேவல், ஆறு பெட்டை: எதை வளர்ப்பது, எதை அறுப்பது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். ஏழு மாதத்துக்கு முன் சந்தையில் 12 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினோம். ஒன்று போக 11 நிற்கின்றன: 5 சேவல், 6 பெட்டை. கறிக்கென்றுதான் வாங்கியது. ஆனால் 9 வயது மகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டை அறுக்கலாம் என்று கணவர் சொன்னதிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் அழுகிறாள். மாமியார் ஒரு செஞ்சேவலைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார். அடுத்த மாதம் கோயிலில் பொங்கல். இன்னொரு சேவல் 4 வயது மகனை விரட்டி விரட்டிக் கொத்துகிறது. போன மாதம் எல்லாக் கோழிக்கும் சளி பிடித்து, மருந்துக்கடையில் கொடுத்த பொடியைத் தண்ணீரில் கலந்து 5 நாள் கொடுத்தோம். நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. இரண்டு பெட்டை இன்னும் முட்டையே வைக்கவில்லை. அறுத்துச் சாப்பிடுவதா, எல்லாவற்றையும் அப்படியே வளர்ப்பதா?

கால்நடை மருத்துவர் பதில்:

வருகிற ஞாயிற்றுக்கிழமை எதையும் அறுக்காதீர்கள். மகள் அழுகிறாள் என்பதற்காகச் சொல்லவில்லை. கோழியின் உடம்பில் இன்னும் மருந்து இருக்கக்கூடும்.

சளிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் பொடி பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லியாகத்தான் இருக்கும். கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் கால்நடைக்கான மருந்தின் உறையில், கடைசி வேளை மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் 2012 முதல் உள்ள விதி. அந்த மருந்துக்கென்று சோதித்து உறுதி செய்த நாள்கணக்கு இல்லாவிட்டால், கறிக்குக் குறைந்தது 28 நாள், முட்டைக்குக் குறைந்தது 7 நாள் என்று அதே விதி சொல்கிறது. உங்களிடம் உறை இல்லை என்றே எழுத்தில் தெரிகிறது. கடைக்காரரிடம் போய் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெயர் கிடைக்கவில்லையென்றால் 28 நாள் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு 14 நாள் ஆகியிருக்கிறது, இன்னும் 14 நாள் பாக்கி. முட்டைக்கு 7 நாள் கடந்துவிட்டதால் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

"நல்லா வேகவச்சா மருந்தெல்லாம் போயிரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோழிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் என்ரோஃப்ளாக்ஸசின் போன்றவை அடுப்புச் சூட்டுக்கு அசைவதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு எலும்பில் வெகுநாள் தங்கும். சளி பிடித்த குழந்தைக்கென்று நாம் தேடிப்போய் வைக்கும் எலும்புச் சாறில்தான் அது இறங்கும். கடைக்காரர் சொல்லும் பெயர் கோலிஸ்டின் என்றிருந்தால், அடுத்த முறை அந்தக் கடையில் கோழி மருந்தே வாங்காதீர்கள். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை 2019-லேயே அரசு தடை செய்துவிட்டது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. 11 கோழியையும் ஒரே கூட்டமாக வைத்துக்கொண்டு "அறுப்பதா, வளர்ப்பதா" என்று கேட்பதால்தான் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். ஒவ்வொரு பறவையாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் பெட்டைகளை அறுக்க எந்த அவசியமும் இல்லை. ஐந்து சேவலையும் வைத்துக்கொள்ள வழியும் இல்லை. என் ஆலோசனை: 6 பெட்டையும் 1 சேவலும் நிற்கட்டும், 4 சேவல் போகட்டும்.

ஐந்தையும் ஏன் வைக்கக் கூடாது? 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆறு பெட்டைக்கு ஐந்து சேவல் என்றால் ஒரு பெட்டையை நாளெல்லாம் மாறி மாறி மிதிக்கும். உங்கள் பெட்டைகளைப் பிடித்துப் பின்தலையையும் முதுகையும் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் சிவந்து தெரிந்தால் தொந்தரவு தொடங்கிவிட்டது. பிறகு சேவல் ஏறும்போது அதன் நகம் வெறும் தோலில் கிழிக்கும், கிழிந்த இடத்தை மற்றக் கோழிகள் கொத்திக் கொத்திப் பெரிதாக்கும், ஈ உட்கார்ந்து புழு வைக்கும். சேவல்களும் ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு ஒன்றையொன்று விடாது. கால் முள் வளர வளரச் சண்டை ரத்தக்களரியாகும். பாசத்தால் ஐந்தையும் வைத்திருந்தால் அந்தப் பாசத்துக்கு விலை கொடுப்பவை பெட்டைகள்தான். மகளிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். பெட்டைகள் மீதும் அவளுக்குப் பாசம்தானே.

முதலில் போக வேண்டியது மகனைக் கொத்தும் சேவல். அது திருந்தும் என்று காத்திருக்காதீர்கள். 4 வயதுப் பிள்ளை கீழே உட்கார்ந்தால் அவன் கண் இருக்கும் உயரமும் சேவல் எகிறி அடிக்கும் உயரமும் ஒன்று. மருந்துக் கணக்கு முடியும்வரை அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் அடைத்துவையுங்கள். அந்த முரட்டுக்குணம் குஞ்சுகளுக்கும் இறங்கக்கூடியது என்பதால் அடைமுட்டைக்கும் அந்தச் சேவல் ஆகாது. வளர்க்கக் கேட்டு வருபவர்களுக்கு விற்பதானால் குணத்தை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும்.

நேர்ந்துவிட்ட செஞ்சேவலைப் பற்றி உங்கள் மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். பொங்கல் அடுத்த மாதம்தான் என்பதால் தேதியை மட்டும் பாருங்கள். 28 நாளைத் தாண்டி வந்தால் சிக்கல் இல்லை. முன்னால் வந்தால் மாமியாரிடம் மருந்து விஷயத்தை உள்ளபடி சொல்லுங்கள். அந்தக் கறி உறவுக்கெல்லாம் பங்கு போகும், சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள் என்றால் அவருக்குப் புரியும். உயிரோடு காணிக்கையாக விடும் வழக்கம் உள்ள கோயில்களும் உண்டு; உங்கள் கோயில் முறை என்ன என்று பூசாரியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மீதி மூன்றில் ஒன்று நிற்க வேண்டும். மகள் மடியில் தூக்கி வைத்துக்கொள்வது இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கைக்குப் பழகிய சேவல் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நல்லது. ஒரே ஒரு விஷயம்: சந்தையில் ஒரே கூடையில் வாங்கிய குஞ்சுகள் ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அடை வைத்துக் குஞ்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் அண்ணன் தங்கையைச் சேர்த்த மாதிரி ஆகும். குஞ்சு பொரிப்பதும் குறையும், நோஞ்சானாகவும் பிறக்கும். அப்போது வேறு ஊர்ச் சேவல் ஒன்றை மாற்றிக்கொள்வதுதான் முறை. குஞ்சு வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டை வைக்கும், சத்தும் குறையாது. வாசலில் ஒரு சேவல் கூவ வேண்டும் என்ற ஆசைக்கு வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

முட்டை வைக்காத இரண்டு பெட்டையை அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். ஏழு மாதத்தில் முட்டை வந்திருக்க வேண்டும்தான், ஆனால் நாட்டுக்கோழி ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரி. வைக்கோற்போர் இடுக்கு, வேலி ஓரப் புதர், விறகுக் குவியலின் பின்பக்கம் எல்லாம் தேடுங்கள். நான்கைந்து நாள் காலை 10 மணி வரை கூட்டைத் திறந்துவிடாமல் வைத்துப் பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆசனவாய்க்குக் கீழே இருபுறமும் கூராகத் தட்டுப்படும் இரண்டு மெல்லிய எலும்பைத் தடவிப் பாருங்கள். இடையில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால், ஆசனவாய் அகன்று ஈரமாக இருந்தால், கொண்டை ரத்தச் சிவப்பாக இருந்தால் அது முட்டை வைக்கிறது. ஒரு விரல்தான் நுழைகிறது, கொண்டை வெளிறிச் சுருங்கியிருக்கிறது என்றால் இன்னும் தொடங்கவில்லை. சளி வந்து எழுந்த கோழிக்கு ஓரிரு மாதம் தள்ளிப்போவது சகஜம். குடற்புழு மருந்து கொடுத்து, தீனியைச் சரிசெய்து, இரண்டு மாதம் பொறுங்கள். புழு மருந்தின் உறையிலும் அந்த நாள்கணக்கைப் பாருங்கள்.

மகளைப் பற்றி. கோழியை அறுத்துவிட்டு "நாய் தூக்கிட்டுப் போயிருச்சு", "ஓடிப்போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். 9 வயதுப் பிள்ளை குழம்புச் சட்டியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு நிற்கிற ஏழு கோழியைப் பற்றியும் நீங்கள் சொல்வது எதையும் நம்பாது. கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து, எது நிற்கும், எது போகும், எந்த நாளில், ஏன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நிற்கும் ஏழையும் ஒருநாளும் அறுக்க மாட்டோம் என்ற வாக்கையும் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஆனால் எதை அறுப்பது என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பாரத்தைப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பருப்பு ரசம் தனியாக இருக்கட்டும். அவள் பெயர் வைத்த சேவலை உங்கள் வீட்டிலேயே குழம்பு வைக்க மனம் வரவில்லையென்றால், நேர்ந்துவிட்டது போக மற்ற மூன்றையும் சந்தையில் உயிர் எடைக்கு விற்றுவிட்டு அந்தக் காசில் தீனி வாங்குவதும் நேர்மையான முடிவுதான். அப்போதும் 28 நாள் முடிந்த பிறகே விற்க வேண்டும். வாங்குகிறவரும் பிள்ளைகளுக்குத்தான் சமைக்கப் போகிறார்.

வீட்டிலேயே அறுப்பதென்றால், கை பழகியவர் ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கறிக்கடையில் கொடுங்கள், கூலிக்குச் சுத்தம் செய்து தருவார்கள். நாட்டுச் சேவல் என்பதால் தோலை உரிக்காமல் வாட்டித் தரச் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவு, கோழி அடைந்த பிறகு இருட்டில் பிடியுங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் மிரண்டு இறக்கையை அடித்துக்கொள்ளும், கறியில் ரத்தம் கட்டும். தனியாக அடைத்து 8 முதல் 12 மணி நேரம் தீனி கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வைத்தால் இரைப்பையும் குடலும் காலியாகும், சுத்தம் செய்யும்போது கிழிந்து கறியில் படாது. மற்றக் கோழிகளும் பிள்ளைகளும் பார்க்காத இடமாக இருக்கட்டும். இறக்கையைச் சேர்த்து அணைத்துப் பிடித்து, தாடைக்கு ஒட்டிக் கீழே, நன்றாகத் தீட்டிய கத்தியால் இருபக்க ரத்தக்குழாயும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். மொட்டைக் கத்தியால் இரண்டு மூன்று முறை அறுப்பது கோழிக்குச் செய்யும் கொடுமை. தலைகீழாகப் பிடித்து 2, 3 நிமிடம் ரத்தம் முழுக்க வடியவிடுங்கள். மூச்சும் அசைவும் முற்றிலும் அடங்கியதா என்று பார்த்த பிறகே வெந்நீரில் விட வேண்டும். இதில் அவசரமே கூடாது.

வெந்நீர் 60 முதல் 65 டிகிரி. கொதிக்கும் தண்ணீர் 5 லிட்டரும் குழாய்த் தண்ணீர் 5 லிட்டரும் வாளியில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். காலைப் பிடித்து ஒரு நிமிடம் முக்கி முக்கி எடுத்து, வால் இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் போதும். கொதிக்கிற தண்ணீரில் அப்படியே போட்டால் தோல் வெந்து இறகோடு சேர்ந்து பிய்ந்து வரும். இறகு பிடுங்கிய பின் மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவது மிச்சமிருக்கும் பூமயிரைக் கருக்கும். வால் நுனியின் மேல்பக்கம் இருக்கும் மஞ்சள் நிற எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள், கவிச்சி வாடை குறையும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பை உடையாமல் எடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றுக்குள் நீர், மஞ்சள் கட்டி, கெட்ட வாடை எதைப் பார்த்தாலும் அந்தக் கோழியைச் சாப்பிடாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

ஒன்றரைக் கிலோ சேவலில் ஒரு கிலோ அளவுக்குக் கறி தேறும். அறுத்ததும் சமைத்துவிடுங்கள், இல்லையென்றால் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துச் சமையுங்கள். இடையில் சில மணி நேரம் தசை விறைத்திருக்கும். அப்போது சட்டியில் ஏற்றினால் ரப்பர் போல இழுக்கும். எட்டு மாதச் சேவலுக்கு ஏற்கனவே தசை முற்றத் தொடங்கியிருக்கும், சின்னத் தீயில் வெகுநேரம் வேக வேண்டும். இதற்கு மேல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் எடை பெரிதாக ஏறாது, தீனிச் செலவும் கறியின் முறுக்கும்தான் ஏறும்.

இதற்கிடையில் எந்தக் கோழியாவது பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி, தானாகச் செத்தால் அதை அறுக்கவோ அக்கம்பக்கத்தில் கொடுக்கவோ வேண்டாம். வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் திடீரென்று செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

நிற்கப் போகும் ஏழுக்கும் என்ன ஆகும் என்று கணவருக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். ஒன்றுக்கு நாளைக்கு 100 கிராம் வைத்தால் மாதம் 21 கிலோ தீனி. தோட்டத்தில் மேய்ந்தால் அதில் பாதியோடு நிறுத்தலாம். நாட்டுப் பெட்டை ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை, வருஷத்துக்கு 60 முதல் 80 வரை வைக்கும். ஆறு பெட்டைக்குக் குறைந்தது 360 முட்டை; வீட்டுக்குத் தினம் ஒன்று கணக்காகும். வெறும் சோற்றையும் குருணையையும் போட்டால் தோல்முட்டைதான் வரும். கம்பு, சோளத்தோடு முட்டைக்கோழித் தீவனம் கலந்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய அளவு அதுவே கொத்திக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். கீரியும் மரநாயும் நுழையாத சின்னக் கண் கம்பிவலை போடுங்கள்.

முட்டை நின்ற பிறகும் கோழி சில வருஷம் உயிரோடு இருக்கும். ஐந்தாறு வருஷம் ஒரு பெட்டை இருப்பது அதிசயம் இல்லை. மகளுக்கு வாக்குக் கொடுக்கும்போது அந்த வருஷங்களையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள் என்று கணவருக்குத் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகள் கோழியைத் தூக்கிக் கொஞ்சட்டும், முகத்தோடு வைத்து முத்தம் கொடுக்க விடாதீர்கள். ஆரோக்கியமான கோழியின் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், முக்கியமாகச் சின்னவன்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லையென்றால், சளி முழுக்கத் தீர்ந்து, புழு மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து, நிற்கப் போகும் ஏழுக்கும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரி வாக்கில் அரசு இதற்கென்றே முகாம் நடத்துவது வழக்கம். சளி வந்து தேறிய கோழி வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கலாம். அதனால் புதுக்குஞ்சு எதையும் இப்போதைக்கு இதோடு சேர்த்து விடாதீர்கள்.

பெட்டைகளில் ஒன்று சீக்கிரமே அடைக்கு உட்காரும். அடைமுட்டை 12 வைத்தால் 21 நாளில் எட்டு ஒன்பது குஞ்சு வரும், அதில் பாதி சேவல். பிறந்த அன்றே சேவல் எது பெட்டை எது என்று பிரித்துப் பார்க்க வீட்டில் வழி கிடையாது. அந்த நாலு சேவல் எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் அடை வைக்காதீர்கள். வைத்தால் முதல் வாரமே மகளிடம் சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் கொண்டை சிவந்து சேவல் தெரியத் தொடங்கியதும் அவற்றுக்குக் காலில் நிற வளையம் மாட்டிவிடுங்கள். அடை வேண்டாம் என்றால் முட்டையை அன்றாடம் எடுத்துவிடுங்கள். அப்படியும் எழுந்திருக்காத பெட்டையைத் தண்ணீரில் முக்க வேண்டாம். அடியில் காற்றுப் புகும்படி தரையிலிருந்து உயர்த்திய கம்பிக்கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாள் விட்டால் அடை தெளிந்துவிடும்.